கண்ணாடிக் கல்லில் கிறிஸ்துமஸ் விளக்கு: முதல்முறை செய்பவர்களுக்கு

புதுச்சேரியில் டிசம்பர் பிறந்துவிட்டால் வாசலில் நட்சத்திரம் தொங்காத கிறிஸ்தவ வீட்டைப் பார்ப்பது அரிது. நெல்லித்தோப்பிலும் முத்தியால்பேட்டையிலும் மாலை ஆறு மணிக்குத் தெருவில் நடந்தால் மொட்டை மாடிக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று என்று மின்னிக்கொண்டிருக்கும். ஆனால் அதே டிசம்பர்தான் நமக்கு மழைக்காலத்தின் வால். வடகிழக்குப் பருவமழை ஒரு இரவு நின்று பெய்தால் காகித நட்சத்திரம் கூழாகிவிடும். எங்கள் வீட்டில் அடுத்தடுத்து இரண்டு வருடம் அப்படி ஆனது. மழைக்கும் கடல் காற்றுக்கும் அசையாத ஒரு விளக்கு வேண்டும் என்று தேடியபோது கிடைத்ததுதான் கண்ணாடிக் கல்.

குளியலறைச் சுவரிலும் மாடிப்படி ஓரத்திலும் வெளிச்சம் வருவதற்காகப் பதிப்பார்களே, அந்தச் சதுரக் கல்தான். கடையில் கிளாஸ் பிரிக் என்றோ கிளாஸ் பிளாக் என்றோ கேட்டால் எடுத்துத் தருவார்கள். உள்ளே காலியாக இருக்கும். அதில் ஒரு ஓட்டை போட்டு, சிறிய எல்.இ.டி. சரத்தை உள்ளே விட்டு, மேலே ரிப்பன் கட்டிவிட்டால், பரிசுப் பெட்டி ஒன்று தன் உள்ளிருந்தே ஒளிர்வதுபோல் இருக்கும். ஒரு முறை செய்த கல் பல வருடங்களுக்கு வரும். ரிப்பனை மாற்றினால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அதே கல் போதும்.

புதிதாகச் செய்ய வருகிறவர்கள் எல்லோரும் ஓட்டை போடுவதற்குத்தான் பயப்படுகிறார்கள். அது அரை மணி நேர வேலை, அதையும் பிறரிடம் கொடுத்துச் செய்துகொள்ளலாம். கல்லின் உட்புறத்தை ஈரமில்லாமல் காய வைப்பதுதான் உண்மையான வேலை. நம் ஊரில் இந்த விளக்கு கெட்டுப்போவது பெரும்பாலும் உள்ளே தங்கிய ஈரத்தால்தான். ஆகவே இந்தக் கட்டுரையிலும் அதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப்போகிறேன்.

கல்லைத் தேர்ந்தெடுப்பது

பொதுவாகக் கிடைக்கும் அளவு 190 மில்லிமீட்டர் சதுரம், 80 மில்லிமீட்டர் தடிமன். எடை ஏறத்தாழ இரண்டரை கிலோ. கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். இரண்டரை கிலோ என்று படிப்பது வேறு, ஒரு கையால் அலமாரியின் மேல்தட்டில் தூக்கி வைப்பது வேறு.

இந்தக் கல் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால் பின்னால் வரும் வேலை எல்லாம் எளிதாகப் புரியும். 1880களில் சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் குஸ்தாவ் ஃபால்கோனியே கண்ணாடியை வாயால் ஊதி உள்ளீடற்ற கற்களைச் செய்வித்தார். இன்றைய முறை அது இல்லை. உருகிய கண்ணாடியை அச்சில் அழுத்தி இரண்டு ஆழமான தட்டுகளாக வார்த்து, விளிம்புகள் இளகிய நிலையில் இரண்டையும் வாயோடு வாய் ஒட்டிவிடுகிறார்கள். அதனால்தான் கல்லின் பக்கவாட்டில் நடுவே ஒரு கோடு ஓடுகிறது. சூட்டில் மூடப்பட்ட உள்காற்று ஆறும்போது அதன் அழுத்தம் குறைகிறது. எனவே கல்லுக்குள் இருப்பது வெளியைவிட அழுத்தம் குறைந்த காற்று. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டை போடும்போது வேலைக்கு வரும்.

வடிவங்களில் நான் சொல்வது அலை வடிவம். தெளிந்த கண்ணாடி வாங்கினால் உள்ளே சுருண்டு கிடக்கும் கம்பி அப்படியே தெரியும், பார்ப்பதற்குக் குப்பை அடைத்ததுபோல் இருக்கும். பனி படர்ந்ததுபோல் வெளுத்த கல்லில் புள்ளிகள் கரைந்து வெறும் வெளிச்சம் மட்டும் மிஞ்சும். அலைக் கல்லில் ஒவ்வொரு பல்பும் நீண்டு, வளைந்து, இரண்டு மூன்றாகப் பிரிந்து தெரியும். 20 பல்பு வைத்தால் 60 வைத்ததுபோல் நிறைவாக இருக்கும். பெரும்பாலான கற்களில் இந்த அலை உட்புறத்தில்தான் இருக்கிறது, வெளிப்புறம் வழவழப்பு. ஓட்டை போடவும் ஸ்டிக்கர் ஒட்டவும் அதுவே வசதி.

கடையில் கல்லை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். உள்ளே மூட்டமாகவோ நீர்த்துளியாகவோ தெரிந்தால் ஒட்டிய கோட்டில் விரிசல் இருக்கிறது என்று பொருள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூலைகளில் விரலை ஓட்டிப் பாருங்கள். சிறு பிசிறு என்றாலும் ரிப்பனைக் கிழிக்கும். பக்கவாட்டில் வெள்ளையாகப் பூசியிருந்தால் அது சிமெண்ட் பிடிப்பதற்காகப் போடும் பூச்சு, குறை இல்லை. ரிப்பன் அதை மறைத்துவிடும்.

கைவேலைக்கென்றே ஓட்டையும் மூடியும் வைத்த கற்களும் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. விலை கூடுதல். துரப்பணத்தை (டிரில்) கையில் எடுக்கவே மனமில்லை என்றால் அதை வாங்கிக்கொண்டு நேரே உலர்த்தும் பகுதிக்குப் போய்விடுங்கள்.

ஓட்டை

முதல் கல்லுக்கு என் யோசனை: மீன்தொட்டி செய்கிறவரிடம் அல்லது கண்ணாடி அறுக்கும் கடையில் கொடுங்கள். குழாய் இணைப்புக்காகக் கண்ணாடியில் வட்ட ஓட்டை போடுவது அவர்கள் கையில் பழகிய தொழில். நான் முதலில் போனபோது மீன்தொட்டிக்கடை அண்ணன் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சுவரில் வைக்கிற கல்லாயிற்றேம்மா, இதில் மீன் விடப்போகிறீர்களா?" என்று கேட்டார். விளக்கு வைக்கப்போகிறேன் என்றதும், வேலையை முடித்துத் தந்த கையோடு தன் கடைக்கும் ஒன்று செய்து தரச் சொன்னார்.

நீங்களே போடுவதாக இருந்தால் வேண்டியவை: 25 மில்லிமீட்டர் டைமண்ட் ஹோல் சா (துரப்பணத்தில் மாட்டும், வைரத்தூள் பதித்த வட்ட வெட்டுமுனை), பேட்டரியில் ஓடும் துரப்பணம், கண்களை முழுவதும் மூடும் கண்ணாடி, ரப்பர் கையுறை, மூக்குக்கு முகமூடி, ஒரு பழைய கனத்த துண்டு, தண்ணீர். மின்சாரத்தில் நேரடியாக ஓடும் துரப்பணம் வேண்டாம். இந்த வேலை முழுக்கத் தண்ணீரில் நடப்பது.

25 மில்லிமீட்டர் எதற்கு, கம்பி நுழைய 10 போதாதா என்று கேட்கலாம். கம்பிக்குப் போதும். ஆனால் பாட்டில் கழுவும் பிரஷ் உள்ளே போக வேண்டும், ஈரம் வெளியே வர வேண்டும், சிலிக்கா ஜெல் பொட்டலம் நுழைய வேண்டும். சிறிய ஓட்டை போட்டவர்கள் எல்லோரும் உலர்த்தும்போது தவிப்பார்கள்.

இடம்: கல்லின் பின்முகம், கீழ் மூலைக்கு அருகில், இரண்டு விளிம்புகளிலிருந்தும் 5 சென்டிமீட்டர் உள்ளே. பக்கவாட்டில் போட்டால் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் போய்விடும் அபாயம் உண்டு. இரண்டு பாதிகளும் சேர்ந்த இடம் அது. அங்கே அதிர்வு கொடுத்தால் விரிசல் ஓடும்.

துண்டை நனைத்து நான்காக மடித்துத் தரையில் விரித்து, கல்லைப் பின்முகம் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள். ஓட்டை வரும் இடத்தைச் சுற்றி ஒரு சிறு வரப்பு கட்ட வேண்டும். சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஒரு உருண்டை எடுத்துக் கயிறுபோல் உருட்டி வட்டமாக ஒட்டினாலே போதும், தண்ணீர் அரை மணி நேரம் நிற்கும். வரப்புக்குள் தண்ணீர் ஊற்றுங்கள். வெட்டும் இடம் எப்போதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். கண்ணாடி சூடேறாது, தூளும் காற்றில் பறக்காது. கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு ஆகாது, இதில் அலட்சியம் வேண்டாம்.

ஹோல் சாவை நேராக வைத்து அழுத்தினால் அது வழுக்கிக்கொண்டு ஓடி முகமெல்லாம் கீறிவிடும். துரப்பணத்தைச் சாய்த்துப் பிடித்து, வட்டத்தின் ஒரு ஓரம் மட்டும் கண்ணாடியைத் தொடும்படி மெல்ல ஓட்டுங்கள். பிறைபோல் ஒரு தடம் விழும். தடம் பிடித்ததும் சிறிது சிறிதாக நிமிர்த்துங்கள். முழு வட்டமும் பதிந்துவிட்டால் பிறகு அது எங்கும் நகராது. மிகக் குறைந்த வேகம். சுவரில் ஓட்டை போடும் சுத்தியல் முறை தவறியும் வேண்டாம். துரப்பணத்தின் சொந்த எடையே பெரும்பாலும் போதும், உங்கள் கை அதைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான். சில நொடிகளுக்கு ஒரு முறை தூக்கி, வெண்ணிறக் கலங்கல் வெளியேறத் தண்ணீர் மாற்றுங்கள்.

அடிப்பகுதி நெருங்கும்போது சத்தம் மாறும். கனமான உறுமல் மெலிந்து கீச்சென்று வரும். அங்கே அழுத்தத்தை இன்னும் குறையுங்கள். கண்ணாடி திறந்துகொள்ளும் நொடியில் உஸ் என்று ஒரு மூச்சு கேட்கும், வரப்பில் நின்ற தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். கல் உடைந்துவிட்டதோ என்று பலர் துரப்பணத்தைக் கீழே போட்டுவிடுகிறார்கள். உள்ளே அழுத்தம் குறைவு என்று சொன்னேனே, அதுதான் இது. பயப்பட ஒன்றும் இல்லை. வெட்டிய வட்டத் துண்டு உள்ளே விழுந்திருந்தால் கல்லைக் கவிழ்த்து ஆட்டி வெளியே எடுத்துவிடுங்கள்.

ஓட்டையின் விளிம்பை வாட்டர் பேப்பரால், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால் தேயுங்கள். முதலில் 220 எண் தாள், பிறகு அதைவிட நைசான 400. பேப்பரை ஒரு பென்சிலில் சுற்றி நனைத்துக்கொண்டு வட்டமாகத் தேய்த்தால் பத்து நிமிடம். கையுறையைக் கழற்றாதீர்கள். கூர்மை போயிற்றா என்று அறிய விரலால் தொட வேண்டாம், பழைய நைலான் துணியை ஓட்டிப் பாருங்கள், சிக்காமல் வந்தால் சரி.

காய வைத்தல்

நான் முதலில் செய்த கல் என் பெரியம்மாவுக்கு. ஓட்டை போட்டு, கழுவி, ஒரு நாள் கவிழ்த்து வைத்து, பார்வைக்கு ஈரம் தெரியவில்லை என்றதும் விளக்கை நுழைத்து, ஓட்டையைச் சிலிகானால் அடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான்காம் நாள் பெரியம்மா தொலைபேசியில், "விளக்கு அழுகிறதடி" என்றார். போய்ப் பார்த்தேன். முன்முகத்தின் உட்புறம் முழுவதும் பனி. பல்பு எரிந்த இடங்களில் மட்டும் சிறு சிறு வட்டங்களாகத் தெளிந்து, மற்ற இடமெல்லாம் நீர் கோத்து, ஒன்றிரண்டு துளி கீழே வழிந்த தடம். அடைத்த சிலிகானைக் கத்தியால் சுரண்டி எடுத்தபோது செம்புக் கம்பியில் பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. அன்று அவர் முகத்தில் பார்த்த ஏமாற்றம்தான் எனக்கு இந்தப் பாடத்தைக் கற்பித்தது.

அந்தக் கல்லில் நடந்தது இரண்டு தவறு. ஒன்று, கழுவிய தண்ணீர் முழுவதும் போகவில்லை. இன்னொன்று, அடைத்தபோது உள்ளே மாட்டிக்கொண்ட காற்றே ஈரமாக இருந்தது. கல்லின் உட்கொள்ளளவு சுமார் 2 லிட்டர். 30 டிகிரி வெப்பத்தில் முழு ஈரம் கொண்ட காற்று ஒரு கன மீட்டருக்கு 30 கிராம் அளவுக்கு நீராவி தாங்கும். கணக்குப் போட்டால் 2 லிட்டரில் 0.06 கிராம், அதாவது ஏறத்தாழ ஒரு சொட்டு. ஒரு சொட்டுதானே என்று தோன்றும். இரவில் கண்ணாடி குளிரும்போது அந்தச் சொட்டின் ஒரு பகுதி முகத்தில் மூச்சுப் பட்டதுபோல் படர்ந்தாலே போதும், விளக்கின் அழகு போய்விடும். இத்துடன் மூலையில் ஒளிந்திருக்கும் கழுவிய தண்ணீரும் சேர்ந்தால் அழுகைதான்.

இப்போது நான் செய்யும் முறை இது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு உள்ளே ஊற்றி, பாட்டில் பிரஷால் மூலைகளைத் தேய்த்து, கலங்கல் நிற்கும்வரை அலசுவேன். கொதிநீர் கூடாது, திடீர்ச் சூட்டில் கண்ணாடி வெடிக்கும். கடலை ஒட்டிய நம் பகுதிகளில் பல வீடுகளின் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதோடு நிறுத்தினால் காய்ந்த பிறகு வெள்ளைத் திட்டு விழும், அதை உள்ளே கைவிட்டுத் துடைக்கவும் முடியாது. ஆகவே கடைசி இரண்டு அலசலுக்குப் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் பயன்படுத்துவேன். கல்லுக்கு ஒரு லிட்டர் தாராளம்.

பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் 50 மில்லி உள்ளே விட்டு, கல்லை எல்லாப் பக்கமும் மெதுவாகச் சாய்த்துச் சுழற்றி, வெளியே கொட்டிவிடுவேன். அது மிஞ்சிய நீரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு சீக்கிரம் ஆவியாகிவிடும். இதைச் சமையலறையில் செய்யக் கூடாது. எளிதில் தீப்பிடிக்கும் திரவம். மொட்டை மாடியில், பக்கத்தில் அடுப்போ விளக்கோ ஊதுவத்தியோ இல்லாத இடத்தில் செய்யுங்கள். அதன் வாசனை முற்றிலும் போகும்வரை கல்லுக்குள் எந்த மின்விளக்கும் போகக் கூடாது.

அதன் பின் இரண்டு மரத்துண்டுகளின் மேல், ஓட்டை கீழே பார்க்கும்படி, காற்று வரும் ஜன்னலோரம் இரண்டு நாள். மழை விடாத வாரமென்றால் மின்விசிறிக்குக் கீழே மூன்று நாள். ஹேர் டிரையரின் சூடான காற்றைச் செலுத்த வேண்டாம்.

கடைசிப் படிதான் முக்கியமானது. ஏ.சி. உள்ள அறை ஒன்று உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இருந்தால், கல்லை ஓட்டை திறந்தபடி ஒரு இரவு முழுவதும் அங்கே வையுங்கள். ஏ.சி. காற்றின் ஈரத்தை வடித்துவிடும். 24 டிகிரியில் பாதி ஈரத்தோடு இருக்கும் காற்று, சுமார் 13 டிகிரிக்குக் குளிர்ந்தால்தான் பனி படியும். நம் ஊரில் மார்கழி இரவில்கூட அவ்வளவு குளிர் இல்லை. காலையில் அறையை விட்டு எடுக்காமல், அங்கேயே விளக்கை நுழைத்து, அங்கேயே மூடிவிடுங்கள். வெளியே கொண்டுவந்ததும் கல்லின் வெளிப்புறத்தில் சற்று நேரம் வியர்க்கும், துணியால் துடைத்தால் போகும். இந்த முறைக்கு மாறிய பிறகு என் கற்களில் ஒன்றுகூட உள்ளே பனித்ததில்லை.

ஏ.சி. இல்லையென்றாலும் வழி உண்டு. புதுக் காலணிப் பெட்டியிலும் பைகளிலும் வருமே, சிலிக்கா ஜெல் பொட்டலம், அதைத் தூக்கி எறியாமல் சேர்த்து வையுங்கள். 5 கிராம் பொட்டலம் இரண்டை ஓட்டை வழியே விட்டு, பின்பக்கக் கீழ்விளிம்பின் நடுவே ரிப்பன் மறைக்கும் இடத்துக்குத் தள்ளிவிட்டால் உள்காற்றின் ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். பல மாதம் வெளியே கிடந்த பொட்டலம் ஏற்கெனவே ஈரம் குடித்துத் தீர்ந்திருக்கும், பிரயோசனமில்லை. புதியதாக இருக்க வேண்டும்.

விளக்கு

பெட்டிக்கடையில் விற்கும், நேரே சுவர் பிளக்கில் செருகும் சீரியல் செட்டைத் தயவுசெய்து இதற்குள் விடாதீர்கள். மலிவான செட்டுகளில் மின்மாற்றி கிடையாது, 230 வோல்ட் அப்படியே கம்பியில் ஓடும். கண்ணாடி ஓட்டையின் விளிம்பில் உரசிக் கம்பியின் உறை கிழிந்தால், கல்லைத் தொடுகிற குழந்தையின் கைக்கு அது எட்டும். பழைய குண்டுமணி பல்பு செட்டும் வேண்டாம், சூடு வெளியேற இடமில்லை. மெழுகுவர்த்தி, அகல் பற்றிச் சொல்லவே தேவையில்லை. கார்த்திகைக்கு வைப்பதானால் அகல் கல்லுக்கு வெளியே, ரிப்பனில் இருந்து ஒரு முழம் தள்ளி இருக்கட்டும்.

வேண்டியது 5 வோல்ட் யு.எஸ்.பி. பிளக் வைத்த, மெல்லிய செம்புக் கம்பி எல்.இ.டி. சரம். 2 மீட்டர், 20 பல்பு என்றால் ஒரு கல்லுக்குச் சரி. 5 மீட்டர், 50 பல்பு என்றால் இன்னும் நிறைவு. அதற்கு மேல் போனால் கண் கூசும். நிறம் வார்ம் ஒயிட். அலைக் கண்ணாடியில் அது நெய்விளக்கின் நிறத்துக்கு வந்துவிடும். விட்டு விட்டு எரியும் வகையை நான் வாங்குவதில்லை. குடிலுக்குப் பக்கத்தில் அமைதியாக எரிகிற விளக்குதான் அழகு என்பது என் எண்ணம். அடாப்டரில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவுக் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பேட்டரிப் பெட்டி உள்ள சரமும் கிடைக்கிறது. பிளக் எட்டாத இடத்துக்கு அது உதவும். ஆனால் 100 மில்லி ஆம்பியர் இழுக்கும் சரத்துக்கு 2000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி 20 மணி நேரம்தான். மாலைக்கு ஐந்து மணி நேரம் என்றால் நான்கு நாள். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை ஒரு முறையாவது மாற்ற வேண்டிவரும்.

நுழைக்கும் முன் சரத்தை எரியவிட்டுப் பாருங்கள். பிளக் வெளியே இருக்க, மறுமுனையை முதலில் உள்ளே விட வேண்டும். மொத்தமாகத் திணித்தால் எல்லாம் ஓட்டைக்குக் கீழேயே குவியும். சட்டை மாட்டும் கம்பி ஒன்றை நிமிர்த்தி, நுனியைச் சிறு கொக்கியாக வளைத்து, அதன் கூர்மையை டேப்பால் மூடிக்கொள்ளுங்கள். ஒரு முழம் உள்ளே போனதும் கொக்கியால் எதிர் மேல்மூலைக்கு இழுத்து விடுங்கள். அடுத்த முழத்தை மற்ற மூலைக்கு. பாதி போன பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, சரத்தை எரியவிட்டபடியே மீதியை நிரப்புங்கள். இருட்டாக இருக்கும் மூலை அப்போதுதான் தெரியும்.

மூடுவதற்கு, ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும் ரப்பர் கார்க் நல்லது. பக்கவாட்டில் பிளேடால் ஒரு கீற்று வெட்டி, கம்பியை அதில் பதித்து அமுக்கிவிடலாம். திண்ணையில் வைக்கும் கல்லென்றால் கார்க்கைச் சுற்றி மெலிதாகச் சிலிகான் பூசலாம். அதில் ஒரு எச்சரிக்கை. வினிகர் வாசனை அடிக்கும் சாதாரண சிலிகான் உலரும்போது அமிலம் விடும், செம்பை அரிக்கும். பெரியம்மாவின் விளக்கில் பச்சை பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

ரிப்பனும் ஓவியமும்

ஓரங்களில் மெல்லிய கம்பி தைத்த ரிப்பன், 5 அல்லது 6 சென்டிமீட்டர் அகலம், கல்லுக்கு 3 மீட்டர். கம்பி இல்லாத சாட்டின் ரிப்பன் கடல் காற்றின் ஈரத்தில் ஒரே நாளில் துவண்டு தொங்கிவிடும். கல்லின் நடுவே ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு முனையும் பின்பக்கக் கீழ்விளிம்பில் சேரும்படி இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். சூடான பசைத் துப்பாக்கி வேண்டாம், வழவழப்பான கண்ணாடியில் இரண்டு நாளில் உரிந்து வந்துவிடுகிறது.

முடிச்சை கல்லின் மேல் கட்ட முயன்றால் கோணலாகத்தான் வரும். தனியாகக் கட்டி ஒட்டுங்கள். இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ரிப்பனைப் பிடித்து, ஒரு சாண் நீளத்தில் ஒரு வளையம் மடித்து அதே இடத்துக்குக் கொண்டுவந்து கிள்ளுங்கள். எதிர்ப்பக்கம் அதே அளவில் இன்னொன்று. ஒவ்வொரு முறை விரலிடுக்குக்கு வரும்போதும் ரிப்பனை அரைச்சுற்று முறுக்கினால் நல்ல பக்கம் எப்போதும் வெளியே இருக்கும். பக்கத்துக்கு மூன்று வளையம் ஆனதும் கிள்ளிய இடத்தை மெல்லிய கம்பியால் இறுக்கிக் கட்டி, வளையங்களை ஒவ்வொன்றாக விரல் விட்டு உப்ப வையுங்கள். பூக்கட்டத் தெரிந்தவர்களுக்கு இது இரண்டாம் முறையிலேயே கைவந்துவிடும். அதே கிள்ளல், அதே இறுக்கம்தான்.

முகத்தில் படம் வேண்டுமென்றால், வண்டிக்கு நம்பர் ஒட்டும் ஸ்டிக்கர் கடைக்குப் போங்கள். குடில், மூன்று ராஜாக்கள், வால்நட்சத்திரம் என்று எதை வரைந்து கொடுத்தாலும் கறுப்பு வினைல் தாளில் வெட்டித் தருவார்கள். கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் தெளித்து, ஸ்டிக்கரை வைத்து நகர்த்திச் சரிசெய்து, பழைய ஏ.டி.எம். அட்டையால் நீரை வழித்தெடுத்தால் குமிழி இல்லாமல் படியும். பின்னால் வெளிச்சம் வந்ததும் நிழலுருவம் பளிச்சென்று நிற்கும். வண்ணம் தீட்ட ஆசைப்படுகிறவர்கள் ஒரு மாலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்குள் உட்கார்ந்து, அந்த வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். நீலத்துக்குப் பக்கத்தில் சிவப்பை எவ்வளவு குறைவாக வைத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். கண்ணாடிப் பெயிண்டில் நான் செய்த மிக நல்ல கல் அப்படிப் பார்த்துவிட்டு வந்து தீட்டியதுதான். பொங்கலுக்கு வெள்ளைப் பெயிண்டால் புள்ளிக் கோலம், கரும்பு. அதற்கு வெளுத்த கல்தான் பொருத்தம்.

வைக்கும் இடம்

சமதளமாக, கை இடிக்காத இடமாக இருக்க வேண்டும். மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் வைக்கவே கூடாது. இரண்டரை கிலோ கண்ணாடி கீழே போகிறவர் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அடியில் நான்கு மூலையிலும் நாற்காலிக் காலுக்கு ஒட்டும் ரப்பர் பட்டன் ஒட்டுங்கள். வழுக்காது, மொசைக் தரையும் கீறாது. திண்ணையில் வைத்தால் அடாப்டர் வீட்டுக்குள் இருக்கட்டும், 5 வோல்ட் கம்பி மட்டும் ஜன்னல் வழியே வெளியே வரட்டும். சாரல் அடித்தாலும் கவலையில்லை.

கீழே இரண்டு, மேலே ஒன்று என்று அடுக்குவது கண்ணுக்கு நிறைவாக இருக்கும். இடையில் நியூட்ரல் சிலிகான் நான்கு பொட்டு வைத்து 24 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். இது சுவர் இல்லை, சிமெண்டும் இல்லை. மூன்றுக்கு மேல் அடுக்க வேண்டாம்.

மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 முடிந்ததும் குடிலைக் கலைக்கும்போது இதையும் எடுத்து வைக்கலாம். பேட்டரிப் பெட்டி என்றால் பேட்டரியை அன்றே கழற்றிவிடுங்கள், கடல் காற்றில் ஸ்பிரிங்குகள் துருப்பிடித்து அடுத்த வருடம் எரியாது. யு.எஸ்.பி. பிளக்கை உலர்ந்த துணியால் துடைத்துச் சிறு பிளாஸ்டிக் உறையில் சுற்றுங்கள். ரிப்பன் முடிச்சுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்தால் வளையங்கள் நசுங்காது. கல்லைப் போர்வையில் சுற்றி, படுக்க வைக்காமல் நிமிர்த்தி, அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். கார்க்கைத் திறக்க வேண்டாம். உள்ளே இருப்பது நீங்கள் ஒரு இரவு காத்திருந்து பிடித்த உலர்ந்த காற்று.